எட்டாம் கட்டத்தில் எழுதியது

மார்ச் 3, திங்கள்

தூக்கம் வராவிட்டால் மனதில் கிடப்பதை எழுதிப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதால் இந்த டைரி. பயமெல்லாம் எனக்குக் கிடையாது. தூக்கம்தான் வருவதில்லை.

இன்று ஆபீசில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தி வக்கீலுக்குப் படித்தவள், சுடரொளி, நாகப்பட்டினத்துக்காரி. அவள் பேசினால் கையும் சேர்ந்து பேசுகிறது. இன்னொருவன் பெனடிக்ட், திண்டுக்கல், களப்பணிக்கு வந்திருக்கிறான். காலையிலிருந்து சாயங்காலம் வரை மொத்தம் பதினைந்து வார்த்தை பேசியிருப்பான்.

எங்கள் மையம் மில் தொழிலாளர்களுக்கு இலவசமாக வழக்கு நடத்துகிறது. உடுமலையில் ஒரு மாடி, நான்கு அறை. தலைவி வக்கீல் எஸ்தர் மேடம். ஃபைல், போன், சாவி எல்லாம் ஒன்பது வருஷமாக என் பொறுப்பு. புதியவர்களை வரவேற்பதும் நான்தான். முதலில் டீ, மிக்சர். அப்புறம் விதிகள். ரோட்டுப் பக்க ஜன்னலைத் திறக்கக் கூடாது. கரண்ட் ரீடிங் என்று யார் வந்தாலும் அடையாள அட்டை பார்க்காமல் உள்ளே விடக் கூடாது. தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே பஸ்ஸில் போகக் கூடாது. போனில் எந்தப் பெண்ணின் வழக்கையும் பேசக் கூடாது.

"அக்கா, இது வரவேற்பா, மிரட்டலா?" என்றாள் சுடரொளி.

"ரெண்டுந்தான் கண்ணு. மொதல்ல மிக்சரைத் தின்னு."

அதற்குப் பிறகு ஃபாரத்தைக் காட்டினேன். எங்களிடம் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஃபாரம் உண்டு. அதில் எட்டாவது கட்டம் என் யோசனை. மில் ஹாஸ்டலில் சொந்தக்காரர்கள் போன் செய்தால்தான் பெண்ணைக் கூப்பிடுவார்கள். அதனால் நாங்கள் சொந்தக்காரர்களாகப் பேசுவோம். வீட்டில் இருந்து யார் பேசினால் சந்தேகம் வராது, அவரை நீ எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டு எட்டாம் கட்டத்தில் எழுதிவைப்பேன். அத்தை, பெரியம்மா, மதினி, இப்படி. மேடம் இதற்காக ஒரு கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். என் கையெழுத்தும் அச்சடித்த மாதிரி இருக்கும். பெண்கள் கொச்சையாகச் சொல்வதைக்கூட நல்ல தமிழில் மாற்றித்தான் எழுதுவேன். பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள் நான்.

சுடரொளி ஃபாரங்களைப் புரட்டிப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்கு எழுத்து" என்றாள். பிழைத்துக்கொள்வாள்.

மார்ச் 4, செவ்வாய்

சுடரொளிக்கு முதல் வேலையாக மேடம் நூர்நிஷா ஃபைலைக் கொடுத்தார். நூர்நிஷாவுக்குப் பத்தொன்பது வயது. ஊர் தொண்டிப் பக்கம். டிசம்பரில் அவளோடு வேலை பார்த்த வளர்மதி என்ற பெண்ணுக்கு மெஷினில் மாட்டி மூன்று விரல் போனது. ஹாஸ்டல் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து மெஷினில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் நூர்நிஷா. பொங்கல் லீவில் எங்களிடம் வந்து, சாட்சி சொல்கிறேன் என்றாள். ஒரு சாட்சி இருப்பது மில்லுக்குத் தெரியும். யார் என்று தெரியாது. விசாரணை பத்தொன்பதாம் தேதி. அந்தத் தேதியை அவள் காதில் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

சுடரொளி ஃபாரத்தைப் படித்துவிட்டு வந்து ஒரு சந்தேகம் கேட்டாள். பதில் சொன்னேன்.

மழைக்கு முன்னால் ஒட்டடை அடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் ஐந்தரைக்கே வண்டி எடுக்கப் போய்விடுகிறார்.

மார்ச் 6, வியாழன்

நோன்பு மாதம் என்பதால், நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டால் அவள் ஹாஸ்டலில்தான் இருப்பாள் என்று கணக்குப் போட்டோம். இதற்கென்று தனியாக வைத்திருக்கும் போனில் சுடரொளி கூப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"நூர்நிஷாவோட சித்தி பேசுறேங்க, ஊர்லேருந்து."

வார்டன் யார் என்று மறுபடி கேட்டாள். சித்தி என்று மறுபடி சொன்னாள் சுடரொளி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "குளிக்கப் போயிருக்குது, நாளைக்குக் கூப்புடுங்க" என்று வைத்துவிட்டாள்.

சுடரொளி முகமெல்லாம் வேர்த்திருந்தது. நல்லாத்தான் பேசினாய் என்று சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி கூப்பிட்டோம். நூர்நிஷா ஊருக்குப் போய்விட்டாளாம்.

அவர் மத்தியானமே வரவேண்டியவர், பொழுது சாய்ந்துதான் வந்தார். தாராபுரம் ரோட்டில் ஒரு ட்ரிப் என்றார். சோற்றைப் பிசைந்தவர் ஒரு வாய்கூட வைக்காமல் கை கழுவிவிட்டார்.

மார்ச் 8, சனி

மேடம் அவள் ஊருக்குப் போன் செய்தார். அவள் வரவில்லை. வருவதாகவும் சொல்லவில்லையாம். அவள் அம்மா போனில் கத்தியது என் மேசை வரை கேட்டது.

பதினோரு மணிக்கு இரண்டு பேர் படியேறி வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றும் இல்லை.

"இங்க புதுசா ஆள் எடுத்திருக்கறீங்களாமா? எங்க பொண்ணுக்கும் ஒரு வேலை கேக்கலாம்னு வந்தமுங்க."

மேடம் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஆள் எடுத்தாகிவிட்டது என்றேன். அவர்கள் போகவில்லை. ஒருவன் ஃபைல் அலமாரியை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். சுடரொளியின் பெயர், ஊர், எந்த வீதியில் தங்கியிருக்கிறாள் என்றெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டான். மற்றவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களை எங்கியோ பாத்திருக்கறனுங்களே."

"இந்த மூஞ்சி ஊருக்கு நாலு இருக்குமுங்க" என்றேன்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு நாற்காலியிலிருந்து என்னால் எழ முடியவில்லை. சுடரொளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அவள் எனக்குக் கொடுக்கிறாள்.

அவன் என்னைப் பார்த்திருப்பான். மில்லில் பார்த்திருப்பான். ஆயுத பூஜைக்கு அவரோடு போய்ப் பொரி வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் மூன்று வருஷமாக அந்த மில் வேனைத்தான் ஓட்டுகிறார். ஆபீசில் லோடு ஆட்டோ என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய் என்று சொல்ல முடியாது, முன்பு லோடு ஆட்டோதான் ஓட்டினார். மில்லில் அவர் என்னைப் பற்றி, வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு மூன்று வருஷம் ஓடிவிட்டது.

மகளிர் தினம் என்று மில்லில் லட்டு கொடுத்தார்களாம், கொண்டுவந்தார். மில் பேர் போட்ட டப்பாவை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நூர்நிஷாவின் ஃபாரம் ஃபைலில் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. யாராவது எடுத்துவிட்டால்? பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். துணியை மாடியில் காயப்போடவில்லை, உள்ளேயே கொடி கட்டினேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு பைக் ஒரு மணி நேரம் நின்றது. விருந்தாளி பைக்காம்.

மார்ச் 10, திங்கள்

பெனடிக்ட் பேசினான். நேற்றுச் சந்தைக்கு ஹாஸ்டல் பெண்கள் வந்தபோது, நூர்நிஷாவோடு அறையில் இருக்கும் அழகுமீனா என்ற பெண்ணைக் கூட்டத்துக்குள் பார்த்துப் பேசியிருக்கிறான்.

"வெள்ளிக்கிழமை காலைல வேன்ல ஏத்திக் கொண்டுபோயிட்டாங்களாம் மேடம். எங்கேன்னு தெரியல. வார்டன் கேட்டாங்களாம், உங்க சனத்துல சித்தின்னு எவடி சொல்லுவா, சாச்சின்னுதானே சொல்லுவீங்க, அப்ப போன்ல பேசுனது யாருன்னு."

மேடம் சுடரொளியைப் பார்த்தார். "ஃபார்ம்ல என்னம்மா இருந்துச்சு?"

"சித்தின்னுதான் மேடம் இருந்துச்சு."

ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார் மேடம். கொண்டுபோனேன். ஃபாரம் இல்லை. எங்காவது மாறி இருக்கும், தேடுகிறேன் என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது.

"நல்லாப் பாத்தியாம்மா? பதட்டத்துல நீயா சித்தின்னு சொல்லிட்டியா?"

சுடரொளி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள், "தெரியல மேடம். ஒருவேளை நான்தான் தப்பாப் படிச்சேனோ என்னவோ" என்றாள். இனிமேல் நீ போன் எடுக்க வேண்டாம், ரெண்டு நாள் ரூமில் இரு, அப்புறம் பேசுவோம் என்றார் மேடம். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானச் சோற்று டப்பாவை மேசையிலேயே மறந்துவிட்டாள்.

நான்காம் தேதி அவள் கேட்ட சந்தேகத்தை நான் இங்கே எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். "அக்கா, இவங்க வீட்ல சித்தின்னா கூப்பிடுவாங்க? எங்க ஊர்ல பாய் வீட்லல்லாம் சாச்சின்னுல்ல சொல்வாங்க" என்று கேட்டாள். நான் சொன்னேன்: "ஃபாரத்துல என்ன இருக்குதோ அதச் சொல்லு. வந்ததும் வராததுமா எனக்குப் பாடம் எடுக்காத."

நூர்நிஷா பொங்கலுக்கு வந்தபோது சாச்சி என்றுதான் சொன்னாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். அம்மாவின் தங்கச்சி என்றாள். அப்போ சித்தி என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். ஃபாரம் இந்த டைரிக்குள்தான் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

நூர்நிஷாவின் அத்தா வந்துவிட்டார். அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள். அதையும் நான் ஏழாம் கட்டத்தில் அப்பா என்றுதான் எழுதியிருக்கிறேன். படகு வேலைக்குப் போகிறவர், கறுத்து ஒல்லியாக இருந்தார். நோன்பு என்பதால் டீ, தண்ணீர் ஒன்றும் வேண்டாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குச் சத்தம் போடத் தெரியவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புள்ள ஒங்கள நம்பித்தானம்மா வந்துச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதுவும் என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் அங்கே இருந்தேன்.

மேடம் அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஹாஸ்டலில் போய் விசாரித்தும் வந்தார்கள். ஊருக்குப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். எந்த இடம் என்று ஒரு துப்புக் கொடுங்கள், உடனே வருகிறோம் என்கிறார்கள். மேடத்துக்கு அந்தத் துப்புத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை. வேன். தாராபுரம் ரோடு.

நான் எதையும் சேர்த்துப் பார்க்க மாட்டேன் என்று சாயங்காலம் முழுக்க வெங்காயம் உரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு வெங்காயம் என்று அவரும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. மில் ஆட்களை நினைத்தால் வருகிற பயம் வேறு, இது வேறு. இது அவர் முகத்தைப் பார்த்தால் வருகிறது.

மார்ச் 12, புதன்

காலை ஐந்து மணிக்கு அவர் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏனுங்க, வெள்ளிக்கெழமை வண்டியில யாரை ஏத்திட்டுப் போனீங்க?"

பட்டன் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. நான் நூர்நிஷா பற்றிச் சொன்னேன். அவள் அத்தா எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். ஃபாரத்தைக் காட்டி, நான் எழுதியதையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புள்ள வழியெல்லாம் அழுதுட்டே வந்துது மயிலு. பின்னாடி வார்டனம்மா இருந்தாங்க. என்னான்னு கேட்டேன். ஊட்டுல துக்கம், அதான் அழுவுதுன்னாங்க. ஊட்டுக்குன்னா பஸ் ஸ்டாண்டுல எறக்காம பழைய கோடவுனுக்கு எதுக்குங்க போறோம்னு கேட்டிருக்கோணும். கேக்கல."

"எந்தக் கோடவுனு?"

"சொன்னா நாந்தான்னு தெரிஞ்சு போயிரும். அன்னைக்கு வேற வண்டி ஓடல" என்றார். "அப்பறம் நீ எங்க வேலை செய்யறேன்னும் தெரியும். இந்த ஊர்ல இருக்க உடுவாங்களா?"

தெரியவில்லை என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பால்காரர் மணி அடித்துவிட்டுப் போய்விட்டார், யாரும் எழுந்து போகவில்லை. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு அவர் என் பேனாவைக் கேட்டு வாங்கினார். ஃபாரத்தின் பின்பக்கத்திலேயே வழி போட்டுக் கொடுத்தார். தாராபுரம் ரோடு, தண்ணீர்த் தொட்டி, இடது பக்கம் மண் பாதை, நீலக் கேட்டு. அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

வேலைக்கு அவர் போகவில்லை. நான் போனேன்.

மேடம் தனியாக இருந்தார். ஃபாரத்தை மேசையில் வைத்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வேன், லோடு ஆட்டோ, சாச்சி, சுடரொளி கேட்டது, நான் அவளை அடக்கியது. மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாலு நாள் மயிலாத்தா" என்றார். "சனிக்கிழமையே இது உங்க கையில இருந்திருக்கு. ஞாயிறுன்னு வச்சாலும் மூணு நாள்."

போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். அடுத்தது சுடரொளிக்குப் பேசினார். என்னைப் பேசச் சொல்லிப் போனை நீட்டினார். "கண்ணு" என்று தொடங்கினேன். அந்தப் பக்கமிருந்து, "தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னாள். கோபமாகத்தான் சொன்னாள்.

மார்ச் 13, வியாழன்

நூர்நிஷா கிடைத்துவிட்டாள். போலீஸ், சமூகநலத் துறை அம்மா, மேடம், சுடரொளி எல்லாரும் போனார்கள். கோடவுன் மேல் அறையில் வெளியே தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்களாம். அடிக்கவில்லை. பத்தொன்பதாம் தேதி தாண்டட்டும் என்று வைத்திருந்திருக்கிறார்கள். அவர் மில்லுக்குப் போய் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அவளை ஆபீசுக்குக் கூட்டிவந்தார்கள். அத்தா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டே நின்றார். பெனடிக்ட் பள்ளிவாசலுக்குப் போய்த் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கிவந்தான். சுடரொளி பேரீச்சம்பழம் வைத்தாள். பாங்கு கேட்டதும் நூர்நிஷா நோன்பு திறந்து கஞ்சியைக் குடித்தாள். உள்ளேயும் அவள் நோன்பை விடவில்லையாம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "என்னையக் காட்டிக்குடுத்தது யாரு?"

"போன்ல பேசினது நான்தான்" என்று தொடங்கினாள் சுடரொளி.

"எழுதுனது நானு" என்றேன். "நீ சாச்சின்னு சொன்னே. நாந்தான் சித்தின்னு எழுதிப்போட்டேன். அதுலதான் கண்டுபுடிச்சாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வேற யாரும் சொல்லலையா?"

"இல்ல கண்ணு."

"நான் அழகுமீனான்னு நெனச்சேன்" என்றாள். "அவகிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன். வேன்ல ஏத்துறப்ப அழுதுக்கிட்டே என் கையப் புடிக்க வந்தா. அவ மூஞ்சியில காறித் துப்பிட்டேன். நீ நல்லாவே இருக்க மாட்டன்னு சொல்லிட்டேன். நோன்பு வச்ச வாயால சொன்னேன். அவ இன்னும் அங்கதான் கெடக்குறா. அவகிட்டப் போயி யாரு சொல்லுவா?"

அவள் அத்தா, விடும்மா என்றார். அவள் விடவில்லை. ஆறு நாள் தாழ்ப்பாளுக்குள் இருந்ததற்கு அழாதவள் இதற்கு அழுதாள்.

இன்று இரவு அவளை ஊருக்கு அனுப்பப் போவதில்லை, மேடம் வீட்டில் தங்குகிறாள். பத்தொன்பதாம் தேதி வந்து சொல்வேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பெண்கள் சந்தைக்கு வருவார்கள். வார்டனும் கூட வருவாள். இந்நேரம் மில்லில் எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருக்கும். பெனடிக்ட் தான் போவதாகச் சொன்னான். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். சுடரொளி, ஒன்பது பத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றாள்.

அழகுமீனா என்னைப் பார்த்ததே இல்லை. முதலில் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.